எம்மெட் என்றால் எறும்பு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால் பகுதிக்குக் கோடையில் வந்து குவியும் உல்லாசப் பயணிகளை அவ்வூரார் தமக்குள் 'எம்மெட்' என்று அழைப்பர். எறும்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லே அங்கு வட்டார வழக்காய் நிலைத்துவிட்டது.

நீதிமொழிகள் நூலின் 6ஆம் அதிகாரம் சோம்பேறியை எறும்பிடம் பாடம் கற்க அனுப்புகிறது. கார்ன்வால் மக்கள் அப்பொருளில் சொல்லவில்லை என்பதை நாம் கூற வேண்டுவதில்லை! கூட்டமாய் வருவதும், வழியெங்கும் ஊர்வதுமே அவர்கள் கண்ணில் படுகின்றன.

அண்டையிலுள்ள டெவனில் 'கிராக்கிள்' என்பர். டார்க்கீ கடற்கரையைக் களமாகக் கொண்டு 1964இல் வெளிவந்த 'தி சிஸ்டம்' என்னும் திரைப்படம் அச்சொல்லை நாடெங்கும் பரப்பியது. வடகோடியில் உள்ள ஷெட்லாந்து தீவினரோ, வெளியிலிருந்து வந்து குடியேறியவரைச் 'சூத்மூதர்' என்பர். லெர்விக் துறைமுகத்தின் தெற்கு வாய் வழியே கப்பலில் வந்தவர் என்பது பொருள். அது வந்த வழியைச் சொல்லி நின்றுவிடுகிறது. எறும்பு என்பதோ மனிதரை மனிதராய்க் காண மறுக்கிறது.

ஆயினும் கார்ன்வால் மக்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. மீன்பிடித் தொழில் நலிந்தது. நெடுங்காலம் சோறு போட்ட தகரச் சுரங்கங்களுள் கடைசியாக இயங்கியது 1998இல் மூடப்பட்டது. இன்று பல இல்லங்களில் அடுப்பு எரிவது இந்த 'எறும்புகள்' தரும் வருவாயால்தான். ஆனால் அவர்களுள் செல்வம் படைத்தோர் அங்கே வீடுகளை வாங்கி, ஆண்டில் சில வாரங்கள் தங்கி, மற்ற நாள்களில் பூட்டி வைக்கின்றனர். விலை ஏறுகிறது, மண்ணின் மைந்தனான இளைஞன் மணம் முடித்தபின் குடியிருக்க வீடின்றி வேற்றூர் தேடிப் போகிறான். குளிர்காலத்தில் தெருவே இருண்டு கிடக்கிறது.

இதனால்தான் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரார், புதிதாய்க் கட்டப்படும் வீடுகள் அங்கேயே நிலையாய் வாழ்வோருக்கு மட்டும் உரியவை ஆகட்டும் என்று 2016ஆம் ஆண்டு மே மாதம் வாக்களித்தனர். வாக்களித்தோருள் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேல் இதை ஆதரித்தனர். வாக்குச் சீட்டில் அவர்கள் சொன்ன நியாயத்தை நாம் மதிக்கிறோம். வசைச் சொல்லை அன்று.

அந்த ஊரின் பெயரையே எண்ணிப் பாருங்கள். அது புனித ஈயாவின் பெயரால் வந்தது. ஈயா அயர்லாந்து நாட்டுக் கன்னி. தோழர்கள் தம்மை விட்டுக் கப்பலேறிவிட்டதைக் கண்டு அவர் கரையில் கலங்கிச் செபித்தாராம். நீரில் மிதந்த சிறு இலை ஒன்று பெரிதாகிப் படகுபோல் அவரைத் தாங்க, மற்றவருக்கு முன்பே கார்ன்வால் கரை சேர்ந்தாராம். மரபுவழிக் கதைதான். கார்ன்வாலின் பாதுகாவலரான புனித பிரானும் அயர்லாந்திலிருந்து எந்திரக்கல் மீது மிதந்து வந்தவர் என்றே சொல்லுவர். அன்று அவர்களைக் கரையில் கண்டோர் என்ன பெயரிட்டு அழைத்தனரோ!

அவ்வூரிலுள்ள நமது கத்தோலிக்க ஆலயம் இயேசுவின் திரு இருதயத்தின் பெயரோடு ஈயாவின் பெயரையும் தாங்கி நிற்கிறது. பிப்ரவரி 3ஆம் நாளை ஒட்டி, உல்லாசப் பயணிகள் குறைந்த குளிர்நாளில், ஊரார் தம் புனிதையின் விழாவைக் கொண்டாடுகின்றனர்.