மணலுக்கு அடியிலும் கணக்கு உண்டு

"கல்லணையைக் கணினி பார்த்தா கட்டினார்கள்? கண்ணுக்குத் தெரியாத நீரைக் கணினியில் கணிப்பது வெறும் ஊகம்" என்கிறது ஒரு வாதம். கேட்கச் சுகம்தான்; ஆனால் பழைய வித்தை மட்டும் போதாது.

மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடம் கற்ற பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன்தான் திருச்சி அருகே முக்கொம்பு மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில், அதன் கொள்ளிடப் பகுதியின் 45 மதகுகளில் 9 வெள்ளத்தோடு போயின.

மணலூடே கசியும் நீருக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-லேயே விதி தந்தார். கணினி அந்த விதியைக் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்க்கிறது, அவ்வளவே.

இந்தக் கணினி மாதிரியும் பிழைபடும். ஆனால் கிணற்று நீர்மட்டத்தோடு ஒப்பிட்டு அதைத் திருத்தலாம். ஊகத்தை எதனோடு ஒப்பிடுவது? திருச்சியின் குடிநீர், ஸ்ரீரங்கத்தைச் சூழ்ந்த காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து வருகிறது. அங்கே மணல் அள்ளினால் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்ற கேள்விக்குக் கல்லணைப் பெருமை பதிலாகாது.