“பழைய வண்டிக்கு இது போதும்” என்னும் பொய்

தில்லியின் காஷ்மீரி கேட்டிலும், கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும், நாடெங்கும் உள்ள சிறுநகரங்களின் உதிரிபாகக் கடைகளிலும் ஒரே வாக்கியம் பல மொழிகளில் ஒலிக்கிறது: “பழைய வண்டிதானே, இது போதும்.” ஓடித் தேய்ந்த மாருதி 800-க்கோ அம்பாசடருக்கோ ஆயில் ஃபில்டர் கேட்டு வருபவரின் முன்னே ஓர் அட்டைப்பெட்டி வைக்கப்படுகிறது. அதன்மேல் வண்டியின் பெயரும் விலையும் இருக்கும். உள்ளே இருக்கும் வடிகட்டி எத்தனை நுண்ணிய துகளைப் பிடிக்கும், எவ்வளவு அழுத்தத்தில் அதன் வால்வு திறக்கும், எந்தச் சோதனையில் தேறியது என்பது பற்றி ஒரு சொல்லும் இராது. கேட்டாலும் பதில் கிடையாது. “இது போதும்” என்பதே பதில்.

இவ்வாக்கியம் அனுபவத்தின் குரலைப் போல ஒலிக்கிறது. ஆனால் பொறியியல் அளவில் அது உண்மைக்கு நேர்மாறானது. சட்ட அளவில் நுகர்வோரின் உரிமையை மறுப்பது. சமூக அளவில் பழையதை மட்டுமே வாங்க இயன்றவரை ஏமாற்றுவது. மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

1. புதிய எஞ்சினைவிடப் பழைய எஞ்சினுக்கே நல்ல வடிகட்டி தேவை

எஞ்சினின் கிராங்க் தண்டு பேரிங்கின்மேல் நேரடியாக உராய்வதில்லை. இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் அதைத் தாங்குகிறது. ஓட்டத்தின்போது அப்படலத்தின் தடிமன் சில மைக்ரான் அளவுக்குக்கூட இறங்கும். மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்தால் இதன் நுண்மை விளங்கும். படலத்தின் தடிமனை ஒத்த அளவுள்ள துகள்களே பேரிங்கை அதிகம் அரிக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூசியைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகளே பெரிய எதிரி.

எஞ்சின் வயதாக ஆக என்ன நேர்கிறது? பிஸ்டன் வளையங்கள் தேய்கின்றன; எரிவாயுவும் புகைக்கரியும் அதிகமாகக் கீழிறங்கி எண்ணெயில் கலக்கின்றன. தேய்ந்த பாகங்களின் உலோகத் துகளும் அதில் சேர்கிறது. புதிய எஞ்சினின் எண்ணெயைவிடப் பழைய எஞ்சினின் எண்ணெய் விரைவில் அழுக்காகிறது. வடிகட்டியும் விரைவில் நிறைகிறது. அதே வேளையில் பேரிங் இடைவெளி அகன்றுவிட்டதால், சூடேறிய எஞ்சின் நிதானமாக ஓடும்போது எண்ணெய் அழுத்தம் முன்பிருந்ததைவிடக் குறைவு. சுமை கூடிவிட்டது, தாங்கும் வலிமை குறைந்துவிட்டது. இந்த நிலையில் உள்ளதற்குத் தரம் குறைந்தது போதும் என்பது, நோயாளிதானே, அவருக்கு எந்தத் தண்ணீரும் போதும் என்பதற்கு ஒப்பாகும்.

வடிகட்டிக்குள் இருப்பது மடித்த தாள் மட்டுமன்று. அடைப்பு ஏற்பட்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, எஞ்சின் எண்ணெயின்றித் தவிக்காதபடி திறக்கும் பைபாஸ் வால்வு பல வடிகட்டிகளில் உள்ளது. அதன் சுருள்வில் தளர்வாக இருந்தால் வால்வு எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். எண்ணெய் தாளைத் தொடாமலே சுற்றி வரும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது: விளக்கு எரியாது, ஓசை எழாது, தேய்மானம் மட்டும் நடக்கும். சுருள்வில் மிகக் கடினமாக இருந்தால் அடைபட்ட தாள் நசுங்கிக் கிழியும். சில எஞ்சின்களில் இந்த வால்வு வடிகட்டியில் இல்லாமல் எஞ்சின் பகுதியிலேயே இருக்கும். அத்தகைய எஞ்சினுக்குச் செய்த வால்வற்ற வடிகட்டியை, வடிகட்டிக்குள் வால்வை எதிர்பார்க்கும் எஞ்சினில் பூட்டினால், அடைப்பு வரும் நாளில் எண்ணெய்க்கு வழியே இராது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது பாகம், எஞ்சின் நின்றபின் எண்ணெய் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் மடல். வடிகட்டி பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட எஞ்சின்களில் இதன் பணி பெரிது. இது கெட்டால், ஒவ்வொரு காலையும் எஞ்சின் சில நொடிகள் எண்ணெய் அழுத்தமின்றிச் சுழலும். நாள்கணக்கில் நிற்கும் பழைய வண்டிக்கு இந்தச் சில நொடிகள் விலைமிக்கவை. மலிவான ரப்பர் வெப்பத்தில் விரைவில் விறைத்துவிடும். சிலிக்கோன் நெடுநாள் மென்மை காக்கும். எந்த ரப்பர் என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

மூன்றாவது, மரை. வடிகட்டிகளில் பரவலாகப் புழங்கும் அளவுகளில் இரண்டு, எம் 20 × 1.5 என்னும் மெட்ரிக் மரையும், முக்கால் அங்குல விட்டமும் ஓர் அங்குலத்துக்கு 16 இழையும் கொண்ட அங்குல மரையும். பின்னதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர், இழை இடைவெளி ஏறத்தாழ 1.59 மில்லிமீட்டர். வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. மெட்ரிக் வடிகட்டி, அங்குலத் தண்டில் தளர்வாக ஏறிப் பூட்டியதுபோல் நிற்கும். நெடுஞ்சாலையில், அழுத்தம் உயரும் வேளையில், அது கழன்று தெறித்தால் எஞ்சினின் எண்ணெய் முழுவதும் சில நிமிடங்களில் சாலையில் கிடக்கும். “பூட்டிப் பார்த்தேன், ஏறியது” என்பது சோதனை ஆகாது.

2. அம்பாசடர் சொல்லும் பாடம்

உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் இதற்குத் தக்க சான்று. அதன் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் இன்றைய டப்பா வடிவ வடிகட்டி இல்லை. நடுவில் ஒரு நீண்ட போல்ட்டால் பிடிக்கப்பட்ட உலோகக் கிண்ணம்; அதற்குள் மாற்றத்தக்க வடிதாள் உருளை; அதன் கீழே ஒரு சுருள்வில்லும் வாஷர்களும். சுருள்வில் உருளையை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால்தான் எண்ணெய் தாளின் ஊடாகச் செல்லும். கழற்றும்போது அந்தச் சிறு வாஷரோ சுருள்வில்லோ பழைய எண்ணெயோடு குப்பைக்குப் போய்விட்டால், புதிய உருளை கிண்ணத்துக்குள் தளர்ந்து கிடக்கும். எண்ணெய் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மிக உயர்ந்த உருளையை வாங்கியிருந்தாலும் பயன் இல்லை.

வண்டியைத் தயாரித்த ஆலையே நின்றுவிட்ட பிறகு “ஒரிஜினல்” என்ற சொல்லுக்கு என்ன பொருள்? சந்தையில் கிடைப்பவை பிறர் செய்பவை. அவற்றுள் நேர்மையானவையும் உண்டு, போலிகளும் உண்டு. பிரித்தறிய வாங்குபவரிடம் இருக்கும் ஒரே கருவி, பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர். அந்தப் பெயரைத்தான் போலி செய்பவர் முதலில் திருடுகிறார்.

3. மறுப்புகளும் அவற்றின் வலுவின்மையும்

“கம்பெனி சர்வீசுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை” என்பர் சிலர். வண்டி நிறுவனங்கள் பொதுவாக வடிகட்டியைத் தாமே செய்வதில்லை. உதிரிபாக ஆலைகளிடம் செய்வித்துத் தம் பெட்டியில் இட்டு விற்கின்றன. பெட்டி மாறினால் விலை மாறும். மேலும், உதிரிபாகங்களும் பழுதுநீக்கும் தகவல்களும் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்காதபடி தடுத்ததாக 14 கார் நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அது பின்னர் மேல்முறையீடுகளுக்கு உள்ளானது. தகவலைப் பூட்டி வைத்தவர்களிடமே தஞ்சம் புகச் சொல்வது தீர்வாகாது. பழைய மாடல்களுக்குப் பாகம் வருவதில்லை என்று அந்தப் பணிமனைகளே கைவிரிக்கும்போது அத்தீர்வு வெறும் கேலி.

“எண்ணெயை அடிக்கடி மாற்றினால் வடிகட்டி எதுவாயினும் சரி” என்பது அடுத்த வாதம். அடிக்கடி மாற்றுவது நன்றே. ஆனால் இரண்டு மாற்றங்களுக்கு இடையே அதே எண்ணெய் பேரிங்குகளின் ஊடாக எண்ணற்ற முறை சுற்றுகிறது. வடிகட்டாத எண்ணெய் முதல் வாரத்திலேயே தன் வேலையைத் தொடங்கிவிடும். மரை பொருந்தாத வடிகட்டியை எந்தப் புதிய எண்ணெயும் காப்பாற்றாது.

“நாற்பது ஆண்டாக இதைத்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்னும் மெக்கானிக்கின் சொல் மதிப்புக்குரியது. எனினும் அது முழுமையான சான்று அன்று. வடிகட்டியின் தோல்வி அன்றைக்கே தெரிவதில்லை. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் முன்னதாகவே எஞ்சினைப் பிரிக்க நேரும்போது, பழி வண்டியின் வயதின்மேல் விழுகிறது. “பழைய வண்டி, அப்படித்தான்.” முதலில் மலிவுச் சரக்கை விற்கப் பயன்பட்ட சொல்லே பின்னர் அதன் குற்றத்தை மறைக்கவும் பயன்படுகிறது.

“பழைய வண்டிகள் ஒழியட்டும், அவற்றுக்கு எதற்கு வடிகட்டி?” என்பது கடைசி வாதம். தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் தடுத்த பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகளும், அவற்றை 2018-இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றமும், 2021-இன் வாகனக் கழிவுக் கொள்கையும் இதற்குத் துணையாகக் காட்டப்படும். காற்று மாசு உண்மையான துயரம்; அதைக் குறைத்துப் பேசலாகாது. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் பழைய வண்டிகள் தகுதிச் சான்றுடன் சட்டப்படியே ஓடுகின்றன. அவற்றின் மறுபதிவுக் கட்டணம் கார்களுக்கு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஓட அனுமதிக்கும் அரசு, அவ்வண்டிக்கு விற்கப்படும் பாகத்தின் தரத்தைக் கேட்காமல் இருப்பது எவ்வகை நியாயம்? தேய்ந்த எஞ்சின்தான் எண்ணெயை எரித்துப் புகை கக்குகிறது. தேய்மானத்தைத் தள்ளிப்போடும் வடிகட்டி காற்றுக்கும் செய்யும் தொண்டு அது.

4. சட்டம் என்ன சொல்கிறது

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, ஆற்றல், தூய்மை, தரநிலை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்கு அளிக்கிறது. இந்த ஆறில் வடிகட்டிப் பெட்டி ஒழுங்காகச் சொல்வது விலையும் எண்ணிக்கையும்தான். எஞ்சியவை மௌனம்.

வாடகைக் கார் ஓட்டுபவர் வணிகர், நுகர்வோர் அல்லர் என்று சிலர் கூறுவதுண்டு. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று அதே சட்டம் தெளிவாக விளக்குகிறது. தன் காரைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே. விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதையும் அச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. போலிப் பெயரிட்டுச் செய்வதும் விற்பதும் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆக, சட்டம் இல்லை என்று சொல்ல வழியில்லை. உரிமை ஏட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. இரண்டுக்கும் இடையிலான தொலைவில்தான் போலிச் சந்தை வாழ்கிறது.

5. கோரப்பட வேண்டியவை

ஒவ்வொரு வடிகட்டிப் பெட்டியிலும் ஐந்து செய்திகள் கட்டாயமாக்கப்பட வேண்டும்: மரை அளவு, கேஸ்கெட்டின் விட்டம், பைபாஸ் வால்வு உண்டா, உண்டெனில் திறக்கும் அழுத்தம், எண்ணெய் வடியாமல் தடுக்கும் மடல் உண்டா, எந்த ரப்பர், ஐ.எஸ்.ஓ. 4548-12 சோதனைப்படி எந்த அளவுத் துகளை எத்தனை விழுக்காடு பிடிக்கிறது. “20 மைக்ரான்” என்று மட்டும் அச்சிடுவது ஏமாற்று. 20 மைக்ரான் துகள்களில் பாதியைப் பிடிப்பதும் நூற்றுக்கு 99-ஐப் பிடிப்பதும் அதே எண்ணின் கீழ் ஒளிந்துகொள்ளும். இச்செய்திகள் செய்பவர்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. அச்சிட ஆகும் மை மட்டுமே கூடுதல் செலவு.

நுகர்வோர் துறை 2022-இல் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமை முயற்சி, உற்பத்தி நின்ற மாடல்களின் வடிகட்டி அளவுகளையும் பொதுவில் வெளியிடச் செய்ய வேண்டும். அளவு தெரிந்தால் எந்த நேர்மையான சிற்றாலையும் சரியானதைச் செய்யும். எந்த மெக்கானிக்கும் சரியானதைக் கேட்பார்.

அதுவரை வாங்குபவர் செய்யத்தக்கவை சில. பில் கேட்க வேண்டும். தராத கடையில் வாங்கலாகாது. பழைய வடிகட்டியைக் கையோடு எடுத்துச் சென்று கேஸ்கெட், மரை, உயரம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். துளைகளின் வழியே ரப்பர் மடல் தெரிகிறதா என்று நோக்க வேண்டும். பழைய கேஸ்கெட் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை விரலால் தடவி உறுதிசெய்ய வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கெட் சேர்ந்தால் எண்ணெய் பீறிடும். கழற்றிய வடிகட்டியை அறுத்து, தாளை விரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மடிப்புகள் சீராக இருக்கின்றனவா, தாள் கிழிந்ததா, உலோகப் பொடி மின்னுகிறதா என்பவை எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்க சாட்சிகள்.

நல்ல வடிகட்டிக்கும் போலிக்கும் இடையே விலை வேறுபாடு ஒரு வேளை உணவுச் செலவு அளவே. எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவோ, வாடகைக் கார் ஓட்டுபவரின் பல மாத வருமானம். அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லித்தான் பெரும் தொகை பறிக்கப்படுகிறது. “இது போதும்” என்று விற்பவர் சொல்லும்போது, “எதற்குப் போதும், எழுதிக் காட்டுங்கள்” என்று கேட்பதே வாங்குபவரின் முதல் கடமை. எழுதச் செய்வது அரசின் கடமை.