தாத்தாவின் ரிவால்வர் என்ன விலை?

ஹைதராபாத்தில் அபிட்ஸ் பக்கம் 'கன் ஃபவுண்டரி' என்று ஒரு பகுதி இருக்கிறது. நிஜாம் படையிலிருந்த பிரெஞ்சுத் தளபதி ரேமண்ட் 1795ல் பீரங்கி வார்க்க அமைத்த இடம். பீரங்கிகள் போய்விட்டன, பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரின் பழைய குடும்பங்களிடம் சின்னத் துப்பாக்கிகளும் அப்படித்தான். பெரியவர் இறந்த பின் இரும்புப் பெட்டியைத் திறந்தால், நிலப் பத்திரங்களுக்கு அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு ரிவால்வர். வாரிசுகளின் முதல் கேள்வி, என்ன விலை போகும்? இந்தியாவில் அதற்கு முன் கேட்க வேண்டியது, அது என்ன போர்?

துப்பாக்கிக்காரர்கள் பேச்சில் 'போர்' என்றால் சண்டை அல்ல, குழலின் உள்விட்டம். அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்காகச் செய்துவந்த ரிவால்வர் .32. தோட்டாவும் கிடைக்கும். பெட்டியிலிருந்து வருவதோ .442, .450, .476 என்று கடைக்காரரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கும் ரகமாக இருக்கலாம். பல சமயம் எண்ணே பொறித்திருக்காது.

அப்போது உதவுபவை முத்திரைகள். கிரீடமும் குறுக்காக வைத்த செங்கோல்களும் இருந்தால் அது பர்மிங்ஹாம் சோதனைச் சாலை. நீள்வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். 'ராடா, கல்கத்தா' என்றோ 'பி.ஆர். அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்றோ அழகாகப் பொறித்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது விற்ற கடை, செய்த கம்பெனி அல்ல.

முக்கியமானது வரிசை எண். 1914 ஆகஸ்ட் 26ல் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் கல்கத்தாப் புரட்சிக்காரர்கள் கடத்தினார்கள். கம்பெனியின் கணக்கில் ஒவ்வொரு பிஸ்டலின் எண்ணும் இருந்தது. பிற்பாடு பிடிபட்டவற்றை போலீஸ் அதை வைத்தே அடையாளம் கண்டது. சாண்டர்ஸ் வழக்கில் பகத் சிங்கின் .32 கோல்ட் பிஸ்டலும் இப்படித்தான் மீண்டது. இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் மியூசியத்தில் பெயர் தெரியாமல் கிடந்ததை, 2016ல் எண்ணை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

போரை அறியக் குழலை மட்டும் அளந்தால் போதாது. தோட்டா உட்காரும் அறையின் விட்டம், ஆழம் இரண்டும் வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் 1868ல் .450, 1880களில் .476, 1890களில் .455 என்று மாறிக்கொண்டே போனது. மூன்றும் நெருங்கிய பங்காளிகள். .476க்காகச் செய்த அறையில் .455 தோட்டாவும் உட்காரும். உட்காருகிறதே என்று சுட்டுப் பார்ப்பது விபரீதம்: கரிமருந்துக்காகச் செய்த பழைய இரும்பு, புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்காமல் கையிலேயே சிதறலாம்.

சட்டச் சிக்கலும் இந்த அறையில்தான் இருக்கிறது. .455 போன்ற ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர்களை ஆயுத விதிகள் தனி வகையில் வைத்தன. வழக்கில் 'தடை போர்' என்பார்கள். தாத்தா எதைப் போட்டார் என்பது கணக்கல்ல, எதைப் போட முடியும் என்பதே கணக்கு. சாதாரண போர் என்றால் ஹைதராபாத் மாநகருக்குள் போலீஸ் கமிஷனர் லைசென்ஸ் தருவார். தடை போர் என்றால் டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான்.

பழம்பொருள்தானே என்ற சமாதானமும் எடுபடாது. 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45வது பிரிவு பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். விசையை இழுத்தால் உருளை சுழலும் ரிவால்வருக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம்.

பிரிட்டனில் நிலைமை தலைகீழ். வழக்கொழிந்த போர்களுக்கு அங்கே பட்டியலே உண்டு. அதிலுள்ள துப்பாக்கியைப் பழம்பொருளாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம் என்பதால், தோட்டா கிடைக்காத போருக்கே கிராக்கி. குற்றவாளிகள் அந்த வழியையும் கண்டுகொண்டதால் 2021ல் .442 உட்பட ஏழு போர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்க மத்திய சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள்.

லண்டன் ஏல விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் ஹைதராபாத் வாரிசுக்கு இதனால் பயனில்லை. நூறு வருடம் தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் விடாது. உள்ளூரில் வாங்குபவருக்கும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்துக்கும் அதே வரம்பு. அந்த இரண்டில் ஒன்றைத் தோட்டா கிடைக்காத அபூர்வத்துக்கு யார் ஒதுக்குவார்கள்? அங்கே விலையை ஏற்றும் அபூர்வம் இங்கே இறக்கிவிடுகிறது.

விலை விசாரிப்பதற்குள் உள்ளே போகாமலிருப்பதும் முக்கியம். லைசென்ஸ்தாரர் இறந்தால் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது 21வது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம் வரை சிறை. தடை போருக்குத் தண்டனை இன்னும் கடுமை. ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு முறையில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். பெட்டியில் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகமும் இருந்தால் பழைய காகிதம் என்று எறிந்துவிடக் கூடாது. போரும் வரிசை எண்ணும் அதில் எழுதியிருக்கும்.