புலியாரின் புகைப்படம்

அந்தக் காலத்தில் வேங்கைப் புலியார் போட்டோப் பிடித்துக் கொள்ள விரும்பினால், முதலில் அவர் உயிரை விட்டாக வேண்டும். பழைய ஆல்பங்களில் நாம் பார்த்திருக்கும் புலிப் படங்களைச் சற்று ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். கீழே புலி நீட்டிப் படுத்திருக்கும். அதன் மேல் ஒரு பூட்ஸ் கால். பூட்ஸுக்கு மேலே ஒரு துரையோ, துரையைப் பார்த்துப் பழகிய நம் நாட்டு மகாராஜாவோ துப்பாக்கியும் கையுமாக நிற்பார். அவருக்குப் பின்னால், காட்டைக் கலைத்துப் புலியை விரட்டிக் கொண்டு வந்த ஏழை ஜனங்கள் பெயரில்லாமல் நிற்பார்கள். (அந்தப் படத்தில் மெய்யான தைரியசாலிகள் அவர்கள்தான் என்பது நமது அபிப்பிராயம்.)

இந்த வழக்கத்தை மாற்ற முற்பட்டவர்களில் முக்கியமானவரும் ஒரு துரைதான் என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். எப். டபிள்யூ. சாம்பியன் என்பவர் அக்காலத்து ஐக்கிய மாகாணத்தில் காட்டிலாகா அதிகாரியாக இருந்தார். 1925-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி 'இல்லஸ்ட்ரேடட் லண்டன் நியூஸ்' பத்திரிகை, காட்டில் தன் போக்கில் நடந்து செல்லும் உயிருள்ள புலியின் படங்களை வெளியிட்டது. எடுத்தவர் சாம்பியன். அவர் கையாண்ட உபாயம் மிக எளியது. புலி நடமாடும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பியொன்றைக் கட்டி வைப்பார். இருட்டில் புலியின் கால் கம்பியில் பட்டதும் காமிராவின் கண் திறக்கும். மக்னீஷியம் பளீரென்று எரியும். புலியார் தம்மைத் தாமே படம் பிடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்! ஆனால் கம்பிக்குப் புலியென்றும் முள்ளம்பன்றியென்றும் பேதம் தெரியாது. முதலில் எது வந்து இடறுகிறதோ, அன்றைய இரவின் படம் அதற்குத்தான்.

அப்படிச் சேர்த்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது சாம்பியன் ஒரு விஷயத்தைக் கண்டார். ஒரு புலிக்கு உள்ள வரிக்கோலம் மற்றொரு புலிக்கு இல்லை. நமக்குக் கைரேகை எப்படியோ அப்படிப் புலிக்கு வரி. இந்தச் செய்தி பல வருஷங்கள் சும்மாக் கிடந்தது. 1990-க்குப் பிறகு நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் என்னும் நம் நாட்டு விஞ்ஞானி இதையே ஆதாரமாகக் கொண்டு புலிகளை எண்ணத் தொடங்கினார். புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஆகையால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு காமிரா வைக்க வேண்டும். 2018-ம் வருஷத்துப் புலிக் கணக்கெடுப்பில் தேசம் முழுவதும் 26,838 இடங்களில் காமிராக்கள் காவல் இருந்தன. விழுந்த படங்கள் மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் புலியின் படங்கள் 76,651. சிறுத்தையின் படங்கள் 51,777. அத்தனை பெரிய வைக்கோற்போரில் இத்தனை ஊசிகளைத் தேடி எடுத்தவர்களின் பொறுமைக்கு நமஸ்காரம்.

பெரிய புலிக்கு இவ்வளவு உபசாரம் நடக்கும்போது, சின்னப் பூனைகளுக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கிறது. நம் நாட்டிலும் இலங்கையிலும் வாழும் துரும்பன் பூனை ஒன்றரைக் கிலோ எடைதான் இருக்கும். உலகத்துக் காட்டுப் பூனைகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. பெரும்பாலும் இரவில் வெளிவரும் இதை நேரில் கண்டவர்கள் குறைவு. முல்லை அரும்பைக் கண்டபோது வெருகின் பல்லை நினைத்த சங்கப் புலவர்கள் காமிரா இல்லாமலே எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்!

சிவிங்கிப் புலிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1947-ல், நாம் சுதந்திரம் பெற்ற அதே வருஷத்தில், மத்திய இந்தியாவில் கொரியா சமஸ்தானத்து மன்னர் மூன்று சிவிங்கிகளை ஒரே இரவில் சுட்டார். இந்தியக் காடுகளில் இருந்த கடைசிச் சிவிங்கிகள் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவை அவைதாம். அவற்றுக்கும் ஒரு போட்டோ உண்டு. பழைய மாதிரிப் போட்டோதான். 1952-ல் அந்தப் பிராணி இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. 2022-ல் எட்டுச் சிவிங்கிகளை ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் ஏற்றிக் குனோ காட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆகவே துப்பாக்கி துஷ்டன், காமிரா சாது என்று தீர்ப்புச் சொல்லிவிட நமக்கு ஆசைதான். மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. பட்சிகளிடம் கேட்டால் வேறு கதை சொல்லும். எரிக் ஹாஸ்கிங் என்னும் ஆங்கிலேயப் பறவைப் படக்காரர் 1937-ல் ஆந்தைக் கூட்டின் அருகில் போய், தாய் ஆந்தையின் நகத்துக்கு ஒரு கண்ணைப் பறிகொடுத்தார். ஆந்தைக்கும் ஆட்சேபம் இருக்கிறது என்பது அதனால் விளங்கியது. ஆனால் எல்லாப் பட்சிக்கும் அப்படி நகம் இல்லையே!

பல வருஷங்களுக்கு முன், நம் வீட்டுத் தோட்டத்து நந்தியாவட்டைச் செடியில் கொண்டைக் குருவி கூடு கட்டியது. மூன்று குஞ்சுகள். நண்பரிடம் காமிரா இரவல் வாங்கினோம். இலைகள் வெளிச்சத்தை மறைத்தன. ஆகவே இரண்டு கிளைகளைச் சணலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். தாய்க் குருவி சற்றுத் தயங்கிவிட்டு, வாயில் புழுவோடு வந்தது. மூன்று வாய்களும் ஒரே சமயத்தில் திறந்தன. படம் எடுத்தாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டோம்.

கட்டிய சணலை அவிழ்க்க வேண்டும் என்று நினைவு வந்தபோது மணி நாலு. காக்கைகள் நமக்கு முன்பே வந்து போயிருந்தன. தாய்க் குருவி மதில்மேல் உட்கார்ந்து வெகுநேரம் கத்திக் கொண்டிருந்தது.

படம் மிகவும் தெளிவாக விழுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டலாம் என்று நண்பர் சொன்னார். நாம் மாட்டவில்லை; காரணம் கேட்டதற்கு, சட்டம் போட ஆள் கிடைக்கவில்லை என்று ஏதோ சொல்லி வைத்தோம்.