ராஜா போட்ட ஓவர் ரைட்டிங்!

செக்கில் தேதியை அடித்துத் திருத்தினால் பாங்க்கில் என்ன சொல்வார்கள்? ‘பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று திருப்பி நீட்டுவார்கள். ஓவர் ரைட்டிங் மகாபாவம் என்பது பி.காம். மூன்று வருஷமும் எனக்கு ஓதப்பட்ட வேதம். ஆனால் அந்தக் காலத்து ராஜாக்கள் நாணயத்திலேயே இதைச் செய்திருக்கிறார்கள். கையெழுத்தும் கிடையாது, ஆடிட் அப்ஜெக்‌ஷனும் கிடையாது!

காசு அடிக்கும் அச்சைச் செதுக்குவது லேசுப்பட்ட வேலையில்லை. போன வருஷத்து அச்சு தேயாமல் இருந்தால் தூக்கிப்போட மனசு வருமா? பழைய எண் மேலேயே புது எண்ணை நச்சென்று தட்டிவிடுவார்கள். பழையது முழுசாக மறையாது. 2-ன் முதுகுக்குப் பின்னாலிருந்து 1 எட்டிப் பார்க்கும். நாணயப் பிரியர்கள் இதை ‘ஓவர்டேட்’ என்பார்கள். சாதாரணக் காசைவிட விலை அதிகம். வம்பே அங்கேதான்.

வடலூரில் எங்கள் தெருக்காரர், நெய்வேலி சுரங்கத்தில் ரிட்டயரானவர், தைப்பூசக் கூட்டத்தில் ஒரு செப்புக் காசோடு ஓடி வந்தார்.

“ஸார், தரங்கம்பாடி டேனிஷ் காசு. 1842-ல 2-க்கு அடியில 1 இருக்காம். பதினஞ்சாயிரம் சொல்றான். ரெண்டாயிரம் குடுத்துட்டேன். பாக்கி சாயங்காலம்.”

பென்ஷன் பணம்!

தரங்கம்பாடி சமாசாரம் தெரியும்தானே? 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர்கள் காசில் ஒரு பக்கம் கிரீடமும் ராஜாவின் பெயரெழுத்தும். மறுபக்கம் ரோமன் எழுத்தில் நாலு ‘காஸ்’. நம்ம ‘காசு’தான்!

இவர் அதைப் பளபளப்பாக்கப் புளி கரைக்கச் சொன்னார். ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிற ஊர்; இவருக்குப் புளியால் ஒரு திரை! தடுத்தேன். தேய்த்தால் இருக்கிற தடயமும் போகும், விலையும் போகும்.

பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் செல்போன் டார்ச். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேடா, பள்ளமா? அச்சில் பள்ளமாக இருப்பதெல்லாம் காசில் மேடாகத்தான் விழும். ஆகவே அடியில் இருக்கிற பழைய எண்ணும் மேடாகத்தான் இருந்தாக வேண்டும். பள்ளமாக இருந்தால் பிற்பாடு விழுந்த கீறல். நாலு எண்ணுக்கும் ஒரே பக்கமாக நிழல் மாதிரி தெரிந்தால், அடிக்கும்போது அச்சு ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். மேடே இருந்தாலும் அவசரப்படக் கூடாது. அச்சு விரிசலும் மேடாகத்தான் விழும். உருவம் பழைய எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவருடைய ‘1’? வாய்க்கால் மாதிரி பள்ளம். யாரோ ஊசியால் இழுத்தது.

மனுஷர் காசைப் பொத்திக்கொண்டு வியாபாரியிடம் போனார். அந்த ஆள் அசரவே இல்லையாம்.

“அப்ப அந்த 1-ஐ விட்டுடுங்க ஸார். வெறும் 2-க்குத்தானே ரெண்டாயிரம் குடுத்திருக்கீங்க, கணக்கு சரியாப் போச்சு!”