பழைய கணிப்பொறியைப் பழிக்காதீர்!

'கண்டம்' என்று சாக்பீஸால் எழுதப்பட்ட 11 கணிப்பொறிகள் நம் துறையின் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவை செய்த குற்றம் என்ன? பொத்தானை அழுத்தினால் திரை தெளிய ஆறேழு நிமிடம் ஆகிறது என்பதே. ஒரு மணி நேரச் செய்முறை வகுப்பில் அது சிறிய இழப்பன்று. வீட்டில் கணிப்பொறி இல்லாத என்போன்றோர்க்கு அந்த ஒரு மணிதான் எல்லாம். ஆயினும் தண்டனை ஆள் மாறி விழுந்துவிட்டது என்பேன்.

உண்மைக் குற்றவாளி ஹார்டு டிஸ்க். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. அது வந்துசேரும்வரை பிராசசர் காத்துக் கிடக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. எல்லாம் சில்லுகளுக்குள் அடக்கம்.

துறைத்தலைவரின் இசைவு பெற்று ஒன்றில் மட்டும் மாற்றிப் பார்த்தோம். "இவ்வளவு சின்னதா இருக்கே தம்பி, உள்ளே ஆடாதா?" என்றார் ஆய்வக உதவியாளர். நியாயமான ஐயம்தான். பழைய டிஸ்க்கை 3.5 அங்குலம் என்பார்கள். அளந்தால் அகலம் 4 அங்குலம். எஸ்.எஸ்.டி.யை 2.5 அங்குலம் என்பார்கள். அதன் அகலமோ 2.75. பூக்காரம்மாவின் முழத்தை இனி நான் குறை கூறமாட்டேன்! பருமன் வெறும் 7 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்பத் தகரத் தாங்கி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையெனில் ஒரு பக்கம் இரண்டு திருகு முடுக்கினாலும் போதும். அசையும் உறுப்பு இல்லாததால் சற்றே ஆடினாலும் கேடில்லை. சாட்டா கேபிளும் மின்சாரக் கேபிளும் பழையவையே பொருந்தின.

புதிய கணிப்பொறி வைத்திருப்போர் எம்.2 என்னும் பட்டை வடிவத்தை நாடுவர். 2280 என்றால் அகலம் 22, நீளம் 80 மில்லிமீட்டர். 2242 என்றால் நீளம் 42. இங்கே எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் வேறொரு சூது உண்டு. ஒரே அளவில் சாட்டா வகையும் என்.வி.எம்.இ. வகையும் விற்கின்றன. இடத்தில் அழகாகப் பொருந்தியும் மதர்போர்டு ஏற்காமற்போகலாம். என் நண்பன் ஒருவன் அப்படித்தான் ஏமாந்தான். கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. மதர்போர்டின் கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகலாமன்றோ?

எஸ்.எஸ்.டி. சர்வரோக நிவாரணி என்று நான் வாதிடவில்லை. விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய பிராசசர்கள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே நாங்கள் லினக்ஸ் நிறுவினோம். நம் பாடத்திட்டத்தின் சி மொழியும் பைத்தானும் அதில் செவ்வனே ஓடுகின்றன.

மாற்றிய கணிப்பொறி இப்போது அரை நிமிடத்திற்குள் தயாராகிவிடுகிறது. அதன் முன் உட்கார மாணவர்களுக்குள் போட்டி. மற்ற பத்தும் இன்னும் படிக்கட்டுக்கு அடியிலேயே கிடக்கின்றன. அவற்றை ஏலத்திற்கு அனுப்புமுன், ஒவ்வொன்றுக்கும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கித்தர முதல்வர் அவர்கள் ஆவன செய்யவேண்டும். திருப்புளி பிடிக்க நாங்கள் இருக்கிறோம்.