காயத்தை மறைக்கும் பிள்ளைகளும் கடிந்துகொள்ளும் வீடுகளும்

மரதன் ஓட்டம் இன்று புலம்பெயர்ந்த எமது குடும்பங்களுக்குள்ளும் வந்துவிட்டது. ஏப்ரலில் லண்டனிலும், மே மாத இறுதியில் ஒட்டாவாவிலும், செப்டெம்பரில் பேர்லினிலும், ஒக்டோபரில் ரொறன்ரோவிலும் நடைபெறும் ஓட்டங்களுக்கு எம்மவரின் பிள்ளைகளும் பெயர் பதிகின்றனர். பிள்ளைகள் மட்டுமன்றி, நாற்பது வயதைக் கடந்த தாய் தந்தையர் சிலரும் நீரிழிவுக்குப் பயந்து நடக்கத் தொடங்கி, பின்னர் ஓடத் தொடங்கி, ஈற்றில் மரதன் வரை வந்து நிற்கின்றனர். இது வரவேற்கத்தக்கது.

இவ்வோட்டத்தின் தூரம் 42.195 கிலோ மீற்றர். அதற்கான பயிற்சி பொதுவாக 16 முதல் 20 வாரங்கள் வரை நீடிக்கும். போட்டி நாளன்று வீதியோரத்தில் நின்று கைதட்டுவதும் படம் பிடிப்பதும் எல்லா வீட்டாராலும் இயலக்கூடியவை. ஆனால் அதற்கு முந்திய மாதங்களில், குறிப்பாகக் காயம் ஏற்பட்டு ஓட முடியாமல் வீட்டில் இருக்க நேரும் வாரங்களில், அந்த வீட்டார் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பது பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். காயம் பட்டவரைக் கடிந்துகொள்ளும் வீடு, அவரைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவருக்குக் கூடுதலான தீங்கையே செய்கிறது. ஏச்சுக்குப் பயந்து ஓட்டத்தைக் கைவிடும் பிள்ளைகள் சிலரே. பெரும்பாலான பிள்ளைகள் வலியைச் சொல்வதைத்தான் கைவிடுகின்றனர்.

பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போரின் நடுவிலிருந்து பிள்ளைகளைக் காத்துக் கொணர்ந்தவர்களுக்கு, உடலில் காயம் என்றதும் மனம் பதறுவது இயல்பு. வந்த நாடுகளில் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் நாள் முழுதும் நின்று உழைத்தவர்கள், கால் வழங்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பதைத் தம் வாழ்வில் அறிந்தவர்கள். அத்தகையோருக்கு, பனி கொட்டும் விடியற்காலையில் பணமோ பரிசோ கிடைக்காத ஒன்றுக்காகப் பிள்ளை ஓடிவிட்டு நொண்டிக்கொண்டு வருவது விளங்காத செயலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பெண்பிள்ளையாயின் கலியாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். "அப்பவே சொன்னனாங்கள்", "ஆர் உன்னை ஓடச் சொன்னது?", "காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பார்க்கிறது?" இவையெல்லாம் அன்பினால் பிறக்கும் சொற்களே. எனினும் கேட்கும் பிள்ளைக்கு அவற்றில் அன்பு தெரிவதில்லை. குற்றச்சாட்டு மட்டுமே தெரிகிறது.

இனி, மறைப்பதனால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். நெடுந்தூர ஓட்டத்தினால் வரும் காயங்களிற் பல, விழுந்து அடிபடுவதால் வருபவை அல்ல. உடல் தாங்கக்கூடிய அளவை விடப் பயிற்சி விரைவாகக் கூடும்போது சிறிது சிறிதாகச் சேர்பவை. முழங்காலைச் சுற்றிய வலி, குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் உட்புறமாகப் பரவும் வலி ஆகியன இவற்றுள் அடங்கும். தொடக்கத்திலேயே பயிற்சியைக் குறைத்தால் இவற்றிற் பெரும்பாலானவை ஆறிவிடும். ஆனால் வலியோடு தொடர்ந்து ஓடினால், எலும்பிலேயே மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்படக்கூடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி இருப்பதும், ஓடாதபோதும் இரவிலும் அது வலிப்பதும் இதற்கான எச்சரிக்கை அடையாளங்களாகும். தொடக்கத்தில் இவ்வெடிப்பு எக்ஸ்ரே படத்தில் தெரியாமற் போவதும் உண்டு; எம்.ஆர்.ஐ. சோதனையில் தெரியும். பெரும்பாலான வெடிப்புகள் ஆற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஓய்வு வேண்டும். இடுப்பெலும்புப் பொருத்துக்கு அருகே ஏற்பட்டால் நிலைமை மேலும் பாரதூரமானது. முழுமையாக முறிந்து, சத்திரசிகிச்சை வரை செல்லவும் கூடும்.

ஆகவே, முதல் வாரத்தில் சொல்லப்பட்ட வலிக்கும் ஐந்தாம் வாரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட வலிக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. வீட்டில் ஏச்சு விழும் என்று அஞ்சும் பிள்ளை வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறது. மாத்திரை வலியை மறைக்கிறது. பிள்ளை காயத்தை மறைக்கிறது. எலும்போ தன்பாட்டில் வெடித்துக்கொண்டே போகிறது. இதற்கிடையில் விடயம் தெரிய வந்தால், எண்ணெய் போட்டு உருவிவிடும் எமது வழக்கமான வைத்தியம் தொடங்கும். தசைப்பிடிப்புக்கு அது இதமளிக்கலாம். எலும்பு வெடிப்பை உருவி மாற்ற முடியாது என்பதை வீட்டுப் பெரியவர்கள் உணர வேண்டும்.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் இன்னொன்றையும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டியுள்ளது. கடும் பயிற்சி செய்யும்போது அதற்கேற்ற அளவு உண்ணாவிட்டால் மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகவும் நின்றுவிடவும் கூடும், எலும்பும் பலவீனமடையும். இத்தகைய சக்திப் பற்றாக்குறை ஆண்களையும் பாதிக்கும் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் வெளியிட்ட மருத்துவ அறிக்கை எடுத்துக் கூறியது. மெலிவதை அழகென்று பாராட்டும் உறவினரும், "சோறு சாப்பிட்டால் கொழுப்பு வைக்கும்" என்று அறிவுரை கூறும் அயலவரும் அறியாமலே இதற்குத் துணை போகின்றனர். மாதவிடாய் பற்றித் தாயிடம் கூடப் பேச முடியாத வீட்டில், இந்த முதல் எச்சரிக்கை எவர் காதிலும் விழாமலே போய்விடும். இதனோடு, குளிர் நாடுகளின் மங்கிய வெயிலில் எம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு விற்றமின் டி குறைவதற்கான வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இரத்தப் பரிசோதனை இதை வெளிப்படுத்திவிடும்.

வீட்டாரிடம் சொல்லத் தயங்குவது எமது சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் எமது பிள்ளைகள் பாடசாலைகளில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் எவருடைய பெயரால் ஓடுகின்றனரோ, அந்த ரெறி பொக்ஸின் வரலாறே இதற்குச் சான்று. புற்றுநோயினால் 1977 இல் வலது காலை இழந்த அவ்விளைஞர், நாட்டைக் குறுக்காக ஓடிக் கடக்கும் தமது எண்ணத்தை முதலில் வீட்டாரிடம் வெளியிடவில்லை. ஒரு மரதன் போட்டிக்குப் பயிற்சி செய்வதாகவே கூறியிருந்தார். உண்மையை அறிந்தபோது தாயார் பெற்றி அதை ஏற்கவில்லை. எந்தத் தாய்தான் உடனே ஏற்பாள்? ஆயினும் அந்தக் குடும்பம் மறுப்போடு நின்றுவிடவில்லை. 1980 ஏப்ரல் 12 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்தில் ஓட்டம் தொடங்கியது. வழியில் 17 வயதே ஆன தம்பி டரல் வந்து இணைந்து, வாகனத்தில் கூடவே சென்றார். 143 நாட்களில் 5,373 கிலோ மீற்றர் ஓடிய பின்னர், நுரையீரலில் நோய் பரவியதனால் தண்டர் பே நகருக்கு அருகில் செப்டெம்பர் முதலாம் திகதி ரெறி நிறுத்த நேர்ந்தது. 1981 ஜூன் 28 இல் அவர் காலமானார். முதலில் மறுத்த அதே தாயார், 2011 இல் தாம் மறையும் வரை மகனின் பணியைத் தோளில் சுமந்தார். மறுப்புச் சொன்ன வாய், பின்னர் துணை நிற்கலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொரு தந்தையையும் இங்கு நினைவுகூரலாம். மரதன் அல்லாவிடினும் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சி அது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீற்றர் அரையிறுதி ஓட்டத்தில் பிரித்தானிய வீரர் டெரெக் றெட்மன்ட் தொடையின் பின்தசை கிழிந்து வீழ்ந்தார். காயம் காரணமாக 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட முடியாமற் போய், பல சத்திரசிகிச்சைகளுக்குப் பின் மீண்டு வந்தவர் அவர். ஒற்றைக் காலால் நொண்டிக்கொண்டு எழுந்து சென்ற மகனை நோக்கி, பார்வையாளர் பகுதியிலிருந்து காவலர்களை விலக்கிக்கொண்டு தந்தை ஜிம் ஓடிவந்தார். மகன் அவர் தோளில் முகம் புதைத்து அழுதவாறே எல்லைக்கோட்டைத் தாண்டினார். பதிவேட்டில் அவர் ஓட்டத்தை முடிக்காதவர் என்றே உள்ளது. ஆயினும் அன்று வென்றவரை மறந்தவர்கள் கூட இந்தத் தந்தையை மறக்கவில்லை. அத்தனை காயங்களையும் அருகிருந்து கண்டவர் அவர். அந்த வேளையில் அவரிடமிருந்து ஒரு குற்றச்சாட்டும் எழவில்லை.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. சில பெற்றோர் பிள்ளையைத் தடுப்பதில்லை; மாறாகத் துரத்துகின்றனர். பரீட்சைப் புள்ளியை ஒப்பிட்டதைப் போல ஓட்ட நேரத்தையும் மற்றவர் பிள்ளையோடு ஒப்பிடுகின்றனர். உறவினர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று, இனி எப்படி நிற்பது என்று கேட்கின்றனர். இந்த வீட்டிலும் பிள்ளை வலியை மறைக்கவே செய்யும். தடுப்பதும் துரத்துவதும் இரு வேறு வழிகளாகத் தோன்றினாலும், இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. 1984 இல் பெண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மரதனில் வென்ற அமெரிக்காவின் ஜோன் பெனொய்ற், அவ்வாண்டு தெரிவுப் போட்டிக்கு 17 நாட்களுக்கு முன்னரே முழங்காலில் சத்திரசிகிச்சை பெற்றவர். பதினேழு நாட்களில் ஓடிவிடலாம் என்று எவரும் இதிலிருந்து கற்கக் கூடாது, அது அபூர்வம். உலகின் முதல்தர வீராங்கனையும் வலி வந்தபோது பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் சென்றார் என்பதே நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

அப்படியாயின் வீட்டார் செய்யக்கூடியது என்ன? முதலாவது, கேள்வியை மாற்றுவது. "ஏன் ஓடினாய்?" என்பதற்குப் பதிலாக "எந்த இடத்தில் நோகிறது, எப்போதிருந்து?" என்று கேட்டால் பிள்ளை வாய் திறக்கும். இரண்டாவது, வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கூட்டிச் செல்வது. பாடசாலையிலும் கடையிலும் வரியலுவலகத்திலும் எமக்காக மொழிபெயர்த்த பிள்ளைக்காக, ஒரு நாள் நாமும் காத்திருப்பு அறையில் உட்காரலாம். மூன்றாவது, அடுப்படி. புட்டும் இடியப்பமும் சோறும் பருப்பும் மீனும் ஓடுபவருக்கு ஏற்ற உணவே. காயப்பட்டு ஓய்வில் இருப்பவருக்கு "ஓடாத உனக்கு ஏன் இவ்வளவு?" என்று கோப்பையில் குறைக்கக் கூடாது, ஆறும் எலும்புக்கும் உணவு வேண்டும். நான்காவது, சப்பாத்து. ஓட்டச் சப்பாத்தை ஏறக்குறைய 500 முதல் 800 கிலோ மீற்றருக்குள் மாற்றும்படி கூறப்படுகிறது. மேலே புதிதாகத் தெரிந்தாலும் அடிப்பகுதி தளர்ந்திருக்கும். இதை வீண்செலவென்று எண்ண வேண்டியதில்லை.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் கடினமானது. ஓட முடியாத வாரங்களில் பிள்ளை சிடுசிடுப்பாக இருக்கும், அறைக்குள்ளேயே கிடக்கும். பல மாத உழைப்பு கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது இலேசானதன்று. அவ்வேளையில் அறிவுரை வேண்டாம். நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிச் செல்வதும், இயன்மருத்துவர் கூறிய பயிற்சிகளை அருகிருந்து செய்விப்பதும், முதலில் நடை, பின்னர் சிறிது ஓட்டம் எனத் திரும்பும் நாட்களில் கூடவே நடப்பதும் போதுமானவை. இவ்வாண்டுப் போட்டி தவறினால் அடுத்த ஆண்டும் போட்டி உண்டு என்பதை நாம் நம்பினால், அவர்களும் நம்புவர்.

ஓடுபவர் தாயாகவோ தந்தையாகவோ இருப்பின் கடமை இருபக்கமும் உண்டு. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒருவர் ஓடினால், வீட்டு வேலையை மற்றவர் தனியே சுமக்கிறார் என்பதை ஓடுபவர் மறக்கலாகாது. இருதய நோயும் நீரிழிவும் தெற்காசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுவதால், நடுவயதில் தொடங்குவோர் முதலில் வைத்தியரைக் காண்பது நன்று. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அதை மறைப்பது, கால்வலியை மறைப்பதை விடப் பன்மடங்கு ஆபத்தானது. "உந்த வயதில உனக்கேன்?" என்ற கேலி அங்கும் வாயை அடைத்துவிடும்.

விளையாட்டை மதிக்கத் தெரியாத சமூகம் அல்ல எமது சமூகம். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தின் பெயரை எமது முதியோர் இன்றும் பெருமையோடு கூறுவர். ஊர்ப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் மரதன் ஓட்டம் நடக்கும். ஒழுங்கைகளின் வாசலில் வாளியோடு நின்று, எந்த இல்லத்துப் பிள்ளை, எத்தனையாவதாக வருகிறது என்று பாராமல், வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றியவர்கள் நாம். முன்னால் ஓடியவனுக்கும் ஊற்றினோம். தலை குனிந்து நடந்து வந்தவனுக்கும் ஊற்றினோம்.

அந்தப் பண்பைச் சொந்த வீட்டுப் பிள்ளைக்கு மறுக்க வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள். இன்று மாலை உங்கள் பிள்ளை படியேறும்போது ஒரு காலைச் சற்றுத் தாங்கி வைப்பதைக் கண்டால், தயவுசெய்து ஏச வேண்டாம். அருகில் அமருங்கள். எங்கே நோகிறது என்று கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமானாலும் பொறுத்திருங்கள்.